மூன்று எழுத்தறிவுகளும் பள்ளி நூலகமும்: யார், எப்போது, எப்படிக் கற்பிப்பது?

பள்ளி நூலகர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். டிஜிட்டல் எழுத்தறிவு, நிதி எழுத்தறிவு, நலவாழ்வு எழுத்தறிவு ஆகிய மூன்றும் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் மாணவர்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அவற்றை எந்தப் பாடவேளையில், யார் பொறுப்பில் கற்பிப்பது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. பெரும்பாலும் முதலாவது கணினிப் பாடத்துக்கும், இரண்டாவது கணிதத்துக்கோ வணிகவியலுக்கோ, மூன்றாவது உயிரியலுக்கோ உடற்கல்விக்கோ பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் அந்தந்தப் பாடநூலின் கடைசி இயலாகச் சேர்கிறது. தேர்வு நெருங்கும்போது முதலில் விடுபடுவதும் அந்த இயல்தான்.

இந்த மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கப் பள்ளி நூலகமே பொருத்தமான இடம் என்பது என் கருத்து. ஆவணம் எதுவும் கேட்காமல் உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் செயலி, இரண்டே வாரங்களில் எடையைக் குறைப்பதாகச் சொல்லும் மாத்திரை, உங்கள் கணக்கு முடக்கப்படும் என்று மிரட்டும் குறுஞ்செய்தி ஆகிய மூன்றும் ஒரே மாணவியின் கைப்பேசிக்கு ஒரே நாளில் வந்து சேர்கின்றன. இதைச் சொல்பவர் யார், நான் நம்பினால் அவருக்கு என்ன கிடைக்கும், அவர் காட்டும் சான்று என்ன, இவரைப் பற்றி வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று மூன்றிடமும் அவள் கேட்க வேண்டிய கேள்விகள் அவையேதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் கணினி 004, நிதி 332, உடல்நலம் 613 என்று வெவ்வேறு அடுக்குகளில் நிற்கின்றன. கேள்வியோடு வருபவர் மட்டும் ஒருவரே. தகவலைத் தேடிப் பயன்படுத்தும் திறனான தகவல் எழுத்தறிவு என்ற கருத்தைப் பால் சுர்கோவ்ஸ்கி முன்வைத்ததும் நலவாழ்வு எழுத்தறிவு என்ற கருத்தை ஸ்காட் சைமண்ட்ஸ் முன்வைத்ததும் 1974 என்ற ஒரே ஆண்டில்தான். ஆனாலும் இரண்டும் அரை நூற்றாண்டாகத் தனித்தனி வழிகளிலேயே வளர்ந்திருக்கின்றன.

சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் குழந்தை மருத்துவம் தொடர்பான இரண்டு இணையதளங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று பெரிய, பழைய மருத்துவர் அமைப்பினுடையது. மற்றொன்று அதிலிருந்து பிரிந்து சென்ற சிறு குழுவினுடையது. மாணவர்களில் பெரும்பாலோரும் வரலாற்றாசிரியர்களில் பலரும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, வடிவமைப்பையும் அடிக்குறிப்புகளையும் பார்த்துத் தடுமாறினர். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி விடையைக் கண்டார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். ஒரு நூலைப் படிக்கும் முன் அதன் ஆசிரியரைப் பற்றி இன்னொரு நூலில் தேடும் பழக்கம் நூலகத்துக்குப் புதியதன்று.

வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வணிகவியல் ஆசிரியை

நூலகர் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மூன்றுக்கும் கேள்விகள் ஒன்றே என்ற முடிவை நிதியைப் பொறுத்தவரை என்னால் ஏற்க முடியவில்லை. சொல்பவர் யார் என்று ஆராய்வது மோசடியைக் கண்டுபிடிக்க உதவும். மக்கள் பணத்தை இழப்பது மோசடியால் மட்டுமன்று. முறையாக உரிமம் பெற்ற நிறுவனம், சட்டப்படி, உண்மையை மட்டுமே அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் கையெழுத்திட்டும் இழக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1,200 கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு நிலையான வட்டி, 12 மாதத் தவணை. வட்டி 144, ஆக மொத்தம் 1,344, மாதம் 112. விளம்பரத்தில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஆறாவது தவணை முடிந்தபோது கடன் வாங்கியவரிடம் அசலில் பாதியளவே மீதி இருக்கிறது. வட்டி மட்டும் முழு 1,200-க்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால், அவர் உண்மையில் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 விழுக்காடு. அதேபோல மாதம் 3 விழுக்காடு என்பதை ஆண்டுக்கு 36 என்றுதான் பலரும் பெருக்கிக்கொள்கிறார்கள். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது 42.6 விழுக்காடு. எத்தனை தளங்களில் தேடி அந்த நிறுவனத்தின் நற்பெயரை உறுதிசெய்தாலும் இந்த வேறுபாடு தெரியாது. தாளையும் பென்சிலையும் எடுத்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

எனவே நூலகத்தில் தேடக் கற்பித்துவிட்டோம், நிதி எழுத்தறிவு வந்துவிட்டது என்று பள்ளிகள் எண்ணிக்கொள்ளுமோ என்பதே என் அச்சம்.

பள்ளி நூலகர்

தங்கள் திருத்தம் மிகவும் முக்கியமானது, அம்மா. என் முதல் பதிவில் விடுபட்டிருந்த பகுதி அதுதான். தேடும் திறன் கணக்கிடும் திறனுக்கு ஈடாகாது. ஆனால் தாங்கள் காட்டிய அந்தக் கணக்கை மாணவர்கள் எந்தத் தாளின் மீது போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாடநூலின் பயிற்சிக் கணக்கில் வட்டி விகிதமும் காலமும் தெளிவாகக் கொடுக்கப்பட்டிருக்கும். வெளியே கிடைக்கும் கடன் விண்ணப்பத்தில் விகிதம் ஓரிடத்திலும், செயலாக்கக் கட்டணம் வேறிடத்திலும், தாமதக் கட்டணம் பின்பக்கத்தில் சிறிய எழுத்திலும் இருக்கும். எந்தெந்த எண்கள் கணக்குக்கு வேண்டும் என்று தேடி எடுப்பதே பாதி வேலை. உண்மையான விண்ணப்பங்கள், காப்பீட்டு விதிமுறைகள், செயலிகளின் ஒப்பந்தங்கள் ஆகியவற்றைப் பெயர்களை மறைத்துத் தொகுத்துக் கோப்புகளாக வைப்பது நூலகத்தின் வேலை. அந்தக் கோப்பைக் கையில் எடுத்துக் கணக்குப் போடச் செய்வது தங்கள் வேலை. இருவரும் ஒரே மேசையில் நிற்கும் பாடவேளையைத்தான் நான் கேட்கிறேன்.

கல்வியியல் ஆய்வு மாணவர்

நிதிக் கல்வி குறித்த ஆய்வு முடிவுகள் இந்த விவாதத்துக்குத் தேவைப்படும் என்று தோன்றுகிறது. பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் ஆகியோர் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு பலரை அதிர வைத்தது. மக்களின் நிதிசார் நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் 0.1 விழுக்காட்டை மட்டுமே நிதிக் கல்வி விளக்குகிறது என்றும், எவ்வளவு மணி நேரம் கற்பித்தாலும் காலம் செல்லச் செல்ல அதன் பயன் தேய்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். இதன் பிறகு, கைசர், லுசார்டி, மென்காஃப், அர்பன் ஆகியோர் 76 சமவாய்ப்புச் சோதனைகளை (பாடம் பெறுவோரையும் பெறாதோரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சோதனைகளை) தொகுத்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, அறிவிலும் நடத்தையிலும் தெளிவான நற்பயன் இருப்பதாகக் கண்டது. எனவே நிதிக் கல்வி வீண் என்று சொல்வதற்கு இன்று இடமில்லை.

ஆனாலும் 2014 ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு பரிந்துரை நூலகத்துக்கு நேராகப் பொருந்துகிறது. முடிவெடுக்க வேண்டிய தருணத்துக்கு மிக அருகில் கற்பிப்பதே பயன்தரும் என்றார்கள் அவர்கள். பதின்மூன்று வயதில் கற்ற வீட்டுக் கடன் பாடம் முப்பது வயதில் நினைவில் இருப்பது அரிது. அதே பதின்மூன்று வயதில் இணைய விளையாட்டுக்குள் பணம் செலுத்தும் முடிவையும், பதினேழு வயதில் கல்விக் கடன் முடிவையும் மாணவர்கள் உண்மையாகவே எதிர்கொள்கிறார்கள். பாடத்திட்டம் ஆண்டுத் தொடக்கத்தில் வரிசையை வகுத்துவிடுகிறது. நூலகம் மட்டுமே மாணவர் கேள்வியோடு வரும் நாளில் திறந்திருக்கிறது. நூலகத்தின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பள்ளிச் செவிலியர்

நலவாழ்வுப் பகுதியைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நலவாழ்வு எழுத்தறிவு என்றவுடன் கை கழுவுதல், சத்துணவு, உறக்கம் என்று அறிவுரைப் பட்டியல் ஒன்றைத்தான் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. பொதுச் சுகாதார ஆய்வாளர் டான் நட்பீம் 2000-ஆம் ஆண்டிலேயே இதை மூன்று படிகளாகப் பிரித்தார். மருந்துச் சீட்டையும் துண்டறிக்கையையும் படித்துப் புரிந்துகொள்வது முதல் படி. மருத்துவரிடம் கேள்வி கேட்டு, கிடைத்த தகவலைத் தன் நிலைக்குப் பொருத்திக்கொள்வது இரண்டாம் படி. சொல்லப்படும் தகவலையே எடைபோட்டுப் பார்ப்பது மூன்றாம் படி. நம் சுவரொட்டிகள் முதல் படியைத் தாண்டுவதில்லை.

மூன்றாம் படியைச் சிறுவர்களுக்குக் கற்பிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு உகாண்டாவில் விடை கிடைத்திருக்கிறது. அங்கே 120 தொடக்கப் பள்ளிகளில் 2016-இல் நடந்த சமவாய்ப்புச் சோதனையில், பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, சிகிச்சை பற்றிய கூற்றுகளை எடைபோடுவதற்குப் படக்கதை வடிவிலான பாடநூல் ஒன்றின் வழியே ஒரு பருவத்தில் ஒன்பது பாடங்கள் நடத்தப்பட்டன. ஒருவருக்குக் குணமானது என்பதால் அந்த மருந்துதான் குணப்படுத்தியது என்று சொல்லிவிட முடியாது. நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதால் ஒன்று பலன் தருவதாகவோ தீங்கற்றதாகவோ ஆகிவிடாது. எந்தச் சிகிச்சையையும் மற்றொன்றோடு நியாயமாக ஒப்பிட்ட பிறகே பேச வேண்டும் என்பவை போன்றவை அந்தப் பாடங்கள். பிறகு நடந்த தேர்வில், பாடம் கேட்ட குழந்தைகளில் 69 விழுக்காட்டினரும், கேளாதவர்களில் 27 விழுக்காட்டினரும் தேர்ச்சிக்குரிய மதிப்பெண் பெற்றார்கள். கணினியோ இணையமோ இல்லாத வகுப்பறைகளிலும் இதைச் செய்ய முடிந்தது என்பதை வசதியில்லை என்று தயங்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டும்.

வணிகவியல் ஆசிரியை சொன்ன கணக்கு இங்கேயும் தேவைப்படுகிறது. ஒரு மருந்து நோயின் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று செய்தி வருகிறது. ஆயிரம் பேரில் இருவருக்கு வந்த நோய் இப்போது ஒருவருக்கு வருகிறது என்றாலும் அது பாதிதான். நூறு பேரில் நாற்பது பேருக்கு வந்தது இருபதாகக் குறைந்தாலும் அது பாதிதான். எத்தனை பேரில் என்று கேட்காமல் அந்தச் செய்திக்குப் பொருளே இல்லை. வட்டி விகிதத்தில் தடுமாறும் மாணவர்தான் இங்கேயும் தடுமாறுவார்.

அடுத்து, எல்லைகளைப் பற்றி. நூலகர் நோயைக் கண்டறிந்து சொல்லக் கூடாது. மருந்தைப் பரிந்துரைக்கவும் கூடாது. நம்பத்தக்க தகவல் இருக்கும் இடத்தைக் காட்டி, யாரிடம் போக வேண்டும் என்று சொல்வதோடு நிற்க வேண்டும். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் நூல் அடுக்கை மறந்துவிட்டு, பள்ளியில் அதற்குரிய பொறுப்பாளரிடம் உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றொன்று, மறைவுடைமை. வயது வளர்ச்சி, மாதவிடாய், மனச்சோர்வு, போதைப் பழக்கம் பற்றிய நூலை மாணவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அந்த நூல்கள் பூட்டிய அலமாரியில் இருந்தாலோ, இரவல் பதிவேட்டை அடுத்து வருபவரும் பார்க்கும்படி மேசையில் விரித்து வைத்திருந்தாலோ, அவை நூலகத்தில் இல்லாததற்குச் சமம். யார் எதைப் படித்தார் என்பதை நூலகம் வெளியிடாது என்ற உறுதி மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, பழைய மருத்துவ நூல்களை நீக்குவதில் தயக்கம் வேண்டாம். டெக்சாஸ் மாநில நூலகத்தின் நூல் நீக்கக் கையேடு, மருத்துவ நூல்களை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளிலும் கணினி நூல்களை மூன்று ஆண்டுகளிலும் மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. தான் தேடும் தலைப்பில் நூலே இல்லாத அடுக்கைப் பார்க்கும் மாணவர் வேறிடம் தேடுவார். தவறான நூல் இருக்கும் அடுக்கைப் பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.

தலைமையாசிரியர்

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் மூன்று நடைமுறைச் சிக்கல்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, பல பள்ளிகளில் நூலகம் உண்டு, நூலகர் இல்லை. சாவி ஏதாவது ஓர் ஆசிரியரிடம் கூடுதல் பொறுப்பாக இருக்கிறது. இரண்டாவது, நூலகப் பாடவேளை அட்டவணையில் இருந்தாலும் பாடம் முடிக்காத ஆசிரியர்கள் அதைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறார்கள். மூன்றாவது, வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் பயிற்சி நூல்கள், கருவிகள், பயிற்றுநர்கள் எனப் பலவற்றை இலவசமாகத் தர முன்வருகின்றன. நிதி இல்லாத பள்ளி அவற்றை மறுக்க வேண்டுமா?

பள்ளி நூலகர்

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஐயா. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 1999-இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கை, நூலகத் தொகுப்புகளும் சேவைகளும் கருத்தியல், அரசியல், சமயத் தணிக்கைக்கு மட்டுமல்லாமல் வணிக அழுத்தத்துக்கும் உட்படக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. கடன் கொடுக்கும் நிறுவனம் எழுதிய நிதிப் பாடத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்குவது எப்படி என்று இருக்கும்; இந்தக் கடன் உனக்குத் தேவைதானா என்ற கேள்வி பெரும்பாலும் இருக்காது. அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருந்தாலும், விடுபட்டது என்ன என்பதைக் குழந்தையால் காண முடியாது.

மறுத்துவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லும் நிலையில் எல்லாப் பள்ளிகளும் இல்லை என்பதை அறிவேன். அப்படி ஏற்றுக்கொண்டால், அதைப் பாடநூலாக அல்லாமல் ஆய்வுப் பொருளாக வைக்கலாம். இதை வெளியிட்டவர் யார், அவர் விற்பது என்ன, எந்தக் கேள்விக்கு இதில் விடை இல்லை என்று மாணவர்களையே எழுதச் சொல்லலாம். அந்த நிறுவனம் இதற்கு உடன்படவில்லையென்றால் அந்த நூல் நூலகத்துக்கு வேண்டாம்.

நூலகர் இல்லாத பள்ளிக்கு என்னிடம் எளிய விடை இல்லை. இந்த வேலையைச் சாவி வைத்திருப்பவர் செய்துவிட முடியாது. நூல்களைத் தெரிவு செய்யவும், நீக்கவும், ஒரு குழந்தையின் அரைகுறைக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு அதன் உண்மையான தேவையை உணரவும் பயிற்சியும் நேரமும் உள்ள ஒருவர் வேண்டும். மூன்று எழுத்தறிவுகளையும் நூலகத்திடம் ஒப்படைக்கும் சுற்றறிக்கை வெளியாகும் நாளில் நூலகர் பணியிடமும் நிரப்பப்பட வேண்டும் என்று நாம் ஒருமித்துக் கேட்க வேண்டும்.

கணினி ஆசிரியர்

தட்டச்சும் விளக்கக்காட்சி தயாரிப்பதும்தான் டிஜிட்டல் எழுத்தறிவு என்ற காலம் போய்விட்டது. கடவுச்சொல் பற்றிய எங்கள் பாடமே பல இடங்களில் பழையது: அடிக்கடி மாற்று, குறியீடுகளைக் கலந்து எழுது என்று இன்றும் கற்பிக்கிறோம். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017-லேயே, காரணமின்றி அடிக்கடி மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம், நீளமே முக்கியம் என்று வழிகாட்டியிருக்கிறது.

நூலகர் குறிப்பிட்ட பக்கவாட்டு வாசிப்பில் புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மாணவர் கேள்வி கேட்டால், சொல்பவர் யார் என்று தெரியாத ஒரே விடை சரளமான நடையில் கிடைக்கிறது. விட்டு வெளியேறிச் சரிபார்க்க அங்கே ஓர் இணையதள முகவரிகூட இல்லாமல் போகலாம். இந்தச் செயலிகள் இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் மெய்யான ஆசிரியர்களின் பெயரிலேயே உருவாக்கிச் சொல்வதுண்டு. என் பரிந்துரை இதுதான்: ஒரு நலவாழ்வுக் கேள்விக்குச் செயலி தரும் நூற்பட்டியலை மாணவர்கள் அச்சிட்டு நூலகத்துக்குக் கொண்டுவரட்டும், ஒவ்வொரு நூலும் உண்மையில் இருக்கிறதா, இருந்தால் செயலி சொன்னதை அது சொல்கிறதா என்று நூலக அட்டவணையில் தேடட்டும். எச்சரிக்கை உரை பல கேட்பதைவிட இந்த ஒரு தேடலில் அவர்கள் கற்றுக்கொள்வது மிகுதி.

ஒரு தாய்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் வங்கிச் செயலியையும் மருத்துவமனை முன்பதிவையும் இயக்குவது என் மகள்தான். எங்களுக்கு அது கைவரவில்லை. அவள் தவறாக ஒன்றை அழுத்தினால் இழப்பு குடும்பம் முழுவதற்கும். இதை மனத்தில் வைத்து ஏதாவது கற்பிக்கிறீர்களா?

பள்ளிச் செவிலியர்

மிகவும் தேவையான கேள்வி, அம்மா. பல வீடுகளில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும் குழந்தைதான். அந்தப் பொறுப்பு அவள் வயதுக்கு மிகுதி என்பதால், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு பெரியவரை அழைக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும். மருந்தின் அளவில் ஐயம் வந்தால் ஊகிக்காமல் மருந்தாளுநரைக் கேட்பது, ஒருமுறைக் கடவுச்சொல்லை யார் கேட்டாலும் சொல்லாதிருப்பது, அவசரப்படுத்தும் அழைப்பைத் துண்டித்துவிட்டு வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்குத் தாமே அழைப்பது ஆகியவை அதில் அடங்கும். பெற்றோரும் மாணவரும் சேர்ந்து வந்து பயிலும் மாலை நேர அமர்வுக்கு நூலகத்தைத் திறந்து வைக்கலாம். அதில் பெற்றோரின் கையில் கைப்பேசி இருக்கட்டும். மகள் அருகில் இருந்து சொல்லிக்கொடுக்கட்டும்.

கல்வியியல் ஆய்வு மாணவர்

இவற்றை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி மீதமிருக்கிறது. 2012 முதல் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் திட்டமான பீசா நிதி எழுத்தறிவையும் அளந்து வருகிறது. எனவே மதிப்பெண் வேண்டும் என்ற அழுத்தம் நூலகத்துக்கும் வரக்கூடும்.

பள்ளி நூலகர்

மதிப்பெண் வந்துவிட்டால் மாணவர்கள் சரியான விடையோடு நூலகத்துக்கு வரத் தொடங்குவார்கள்; இப்போது தெரியாததோடு வருகிறார்கள். அதனால் நூலகப் பாடவேளையைத் தேர்விலிருந்து விலக்கியே வைக்க வேண்டும் என்று கருதுகிறேன். மதிப்பிட வேறு வழி இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு விளம்பரத்தையோ செய்தியையோ கொடுத்து, இதை நம்புவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்ப்பாய் என்று எழுதி வாங்கலாம். ஆண்டு இறுதியில் வேறொன்றைக் கொடுத்து அதே கேள்வியைக் கேட்கலாம். இரண்டு தாள்களையும் மாணவரிடமே கொடுத்தால் வேறுபாடு அவருக்கே தெரியும். பள்ளிக்கு வேண்டிய தகவலைப் பெயர் குறிப்பிடாமல் தொகுத்துக் கொடுக்கலாம்.

முதல் பருவத்துக்கு வணிகவியல் ஆசிரியையின் தவணைக் கணக்கு, செவிலியரின் எத்தனை பேரில் என்ற கேள்வி, கணினி ஆசிரியரின் நூற்பட்டியல் தேடல் ஆகிய மூன்றையும் வைத்துப் பாடக்குறிப்பு ஒன்றை எழுதி இந்த இழையிலேயே பதிவிடுகிறேன். கணக்குகளைத் திருத்தித் தருமாறு ஆசிரியையையும், எல்லைகள் மீறப்படவில்லை என்று பார்த்துத் தருமாறு செவிலியரையும் கேட்டுக்கொள்கிறேன்.